சுட்ட எண்ணெய்க்குக் காவல் யார்?

வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பேருந்து ஆலங்காயத்தில் ஆள் ஏற்றும் மாலை வேளையில், கடைத்தெருவில் ஏதாவது ஒரு வாணலி காய்ந்துகொண்டுதான் இருக்கும். வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, போண்டா, மசால் வடை. கடை கட்டும் நேரத்தில் அடியில் இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய் மிஞ்சும். கறுத்துப்போய், விளிம்பில் பிசின்போல ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த எண்ணெயை டீசலாக மாற்றி எஞ்சின் ஓட்டலாம். ஆராய்ச்சிக்கூட வித்தை அல்ல. தொழிற்சாலைகள் அன்றாடம் செய்யும் வேலை.

அப்படியானால் நாலு கடையில் சுட்ட எண்ணெயை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொல்லையில் காய்ச்சி, மலையடிவார நிலத்தில் நிற்கும் டீசல் பம்ப் செட்டுக்கு ஊற்றிக்கொண்டால் என்ன? சட்டம் குறுக்கே வருமா? வரும். ஆனால் எல்லோரும் நினைக்கும் இடத்தில் வருவதில்லை. எண்ணெயைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத சட்டம், அதோடு கலக்கும் வேறொரு திரவத்தைக் கண்டதும் விறைத்து நிற்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள வாணலியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பஜ்ஜி எண்ணெயில் விழுந்ததும் ‘சொய்ங்’ என்று பொங்குகிறதே, அது எண்ணெய் கொதிப்பதல்ல. 170, 180 டிகிரி சூட்டில் வாழைக்காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடும் சத்தம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடம் பிடிக்கும். உள்ளிருந்து அவ்வளவு வேகமாக ஆவி வெளியேறும்வரை எண்ணெய் பஜ்ஜிக்குள் அதிகம் நுழைய முடியாது. கரண்டியில் அள்ளி வெளியே எடுத்த பிறகுதான் உள்ளே ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அப்போது உறிஞ்சிக்கொள்கிறது. பஜ்ஜி குடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு வாணலிக்கு வெளியே குடித்தது. எடுத்ததும் எண்ணெய் வடியவிடும் கடைக்காரருக்கு இந்த இயற்பியல் கைப்பழக்கமாகவே தெரியும்.

வெளியேறும் அந்த ஆவிதான் எண்ணெய்க்கு எமன். எண்ணெய் மூலக்கூறை மூன்றே பல் உள்ள ஒரு சீப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். சீப்பின் தண்டு கிளிசரால். மூன்று பற்களும் நீண்ட கொழுப்பு அமிலங்கள். சூடான நீராவி பட்டால் ஒரு பல் உடைந்து தனியே மிதக்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வேறு பற்களில் போய் ஒட்டும். கடும் சூட்டில் இரண்டு மூன்று சீப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பெரிய மூலக்கூறாகும். வாணலி விளிம்பில் சுரண்டினாலும் போகாத அந்தப் பழுப்புப் பிசின் இப்படிப் பின்னியவைதான். உடைந்தது, ஆக்சிஜன் ஏறியது, பின்னியது எல்லாவற்றையும் சேர்த்து ‘முனைவுச் சேர்மங்கள்’ என்கிறார்கள். ஒரு முனையில் கொஞ்சம் நேர்மின் சாயலும் மறுமுனையில் எதிர்மின் சாயலும் கொண்ட மூலக்கூறுகள் என்று பொருள்.

எண்ணெயின் வயதை அளக்க இந்த மின்சாயலே போதும். நிறத்தை நம்ப முடியாது. மிளகாய்த் தூளும் கருகிய கடலை மாவும் நல்ல எண்ணெயையும் கறுக்க வைக்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கொண்டுவரும் கைக்கருவியின் நுனியில் மிக நுண்ணிய இரண்டு மின்தகடுகள் உண்டு. நுனியைச் சூடான எண்ணெயில் முக்கினால் தகடுகளுக்கு நடுவே எண்ணெய் புகுந்துகொள்ளும். மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும்போது முனைவு மூலக்கூறுகள் அந்தத் தாளத்துக்கு ஏற்ப முகம் திருப்பும். புது எண்ணெய் மூலக்கூறுகள் அவ்வளவாக அசைந்து கொடுக்காது. எத்தனை முகங்கள் திரும்புகின்றன என்பதைத் தகடுகள் தேக்கும் மின்னூட்டம் காட்டிக்கொடுக்கும். சில நொடிகளில் திரையில் ஒரு சதவீதம் வந்துவிடும்.

அந்தச் சதவீதம் 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணெயில் இனி சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இந்தியா முழுக்க இதுதான் விதி. நட்சத்திர ஓட்டலுக்கும் தள்ளுவண்டிக்கும் ஒரே கோடு. அதே ஆண்டு ஆகஸ்ட் 10, உலக உயிரி எரிபொருள் தினத்தன்று, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ‘ரூகோ’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சுட்ட எண்ணெயைத் திரட்டி பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. அடுத்து ஓர் உத்தரவு: 2019 மார்ச் 1 முதல், பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், கழிக்கும் எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

இந்த 50 லிட்டரில்தான் எனக்கு உறுத்தல். சிப்ஸ் ஆலைகளையும் பெரிய ஓட்டல்களையும் பிடிக்கும் வலை இது. நாளுக்கு ஐந்தாறு லிட்டர் ஊற்றும் பஜ்ஜிக் கடை அதன் கண்ணிகளுக்கு இடையே நழுவிவிடும். 25 சதவீதக் கோடு அந்தக் கடைக்காரருக்கும் உண்டு, ஆனால் கோட்டைத் தாண்டிய எண்ணெயை என்ன செய்தார் என்று கணக்குக் காட்டும் கடமை இல்லை. மிஞ்சியதில் மறுநாள் புது எண்ணெயை ஊற்றிச் சமாளிப்பதுதான் அவருக்கு மலிவான வழி. கொஞ்சம் விலை கொடுத்து வாங்கிப்போக ஒருவர் வாசலுக்கு வந்தால் ஒழிய அந்தப் பழக்கம் மாறாது.

எவ்வளவு எண்ணெய் என்று மத்திய அரசு ஒரு கணக்குச் சொன்னது. நாடு ஆண்டுக்குச் செலவழிக்கும் சமையல் எண்ணெய் சுமார் 2,700 கோடி லிட்டர். ஆளுக்கு ஏறக்குறைய 19 லிட்டர். இதில் ஓட்டல், கேன்டீன் போன்ற பெரிய சமையலறைகளிலிருந்து 140 கோடி லிட்டரைத் திரட்ட முடியும். அதிலிருந்து 110 கோடி லிட்டர் பயோடீசல் கிடைக்கும். தலைக்கு ஒரு லிட்டர் சுட்ட எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். 2019-இல் எண்ணெய் நிறுவனங்கள் இந்த பயோடீசலுக்கு முதல் ஆண்டு விலையாக அறிவித்தது லிட்டருக்கு 51 ரூபாய்.

சரி, எண்ணெய் கைக்கு வந்தாயிற்று. அப்படியே வடிகட்டி எஞ்சினில் ஊற்றக் கூடாதா? 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசலே பிற்காலத்தில் எழுதினார். திருப்பத்தூர் மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் விளையும் அதே வேர்க்கடலையின் எண்ணெய்தான். ஆனால் அது மெதுவாக ஓடிய, முரட்டு எஞ்சின். எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல் கெட்டி. இன்றைய வண்டிகளில் முடிகனத் துளைகள் வழியே வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேலான அழுத்தத்தில் எரிபொருள் பனியாகச் சிதற வேண்டும். கெட்டி எண்ணெய் பனியாகாது, சொட்டாக விழும். சொட்டு முழுதாக எரியாது, கரியாக ஒட்டும். பழைய ஒற்றை சிலிண்டர் பம்ப் எஞ்சின் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். புது வண்டி பொறுக்காது.

ஆக, சீப்பை உடைக்க வேண்டும். மூன்று பற்களையும் தண்டிலிருந்து பிரித்துவிட்டால் மூலக்கூறு மூன்றில் ஒரு பங்காகச் சிறுக்கும். திரவம் டீசலைப் போல இளகிவிடும். உடைந்த பல்லின் அடியில் சின்னதாக ஒரு மூடி போட வேண்டும், இல்லாவிட்டால் அது அமிலமாகவே நின்றுவிடும். அந்த மூடிதான் மெத்தனால். எளிமையிலும் எளிமையான ஆல்கஹால். ஒரே ஒரு கார்பன். கொஞ்சம் காரத்தை ஊக்கியாகச் சேர்த்து, 60 டிகிரிக்கு அருகே சூடுபடுத்திக் கலக்கினால் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இதற்கு ‘எஸ்டர் மாற்றம்’ என்று பெயர். 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 20 லிட்டர் மெத்தனால் ஊற்றினால், கிட்டத்தட்ட 100 லிட்டர் பயோடீசல் மேலே மிதக்கும். அடியில் கழன்ற தண்டுகள் கனத்த கிளிசராலாகத் தங்கும், சுமார் 10 கிலோ.

சொல்லும்போது எளிது. பஜ்ஜி வெளியேற்றிய நீராவி ஏற்கெனவே சில பற்களை உடைத்து வைத்திருக்கிறதே, அவை காரத்தைக் கண்டதும் மெத்தனாலுக்குக் காத்திராமல் சோப்பாகிவிடும். தண்ணீர்ச் சொட்டு கலந்திருந்தால் இன்னும் மோசம். எண்ணெய் எத்தனை முறை காய்ந்ததோ அவ்வளவு சோப்பு. அதனால் ஒவ்வொரு கடை எண்ணெய்க்கும் காரத்தின் அளவை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஆலைகள் முதலில் எண்ணெயைக் காயவைத்து, தனி அமிலங்களை வேறு வழியில் அடக்கிவிட்டுத்தான் மெத்தனாலைத் தொடும். கொல்லைப்புறத்தில் பலருக்குக் கிடைப்பது பாதி எரிபொருள், பாதி சவுக்காரக் குழம்பு.

சட்டம் விறைத்து நிற்கும் இடம் அந்த 20 லிட்டர் மெத்தனால்தான். தமிழ்நாட்டில் அதை வாங்க, வைத்திருக்க, எடுத்துச்செல்ல உரிமம் வேண்டும். உரிமம் தருவது பெட்ரோலியத் துறையோ வேளாண் துறையோ அல்ல, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-இல் வந்த விதிகளில் மெத்தனாலுக்குப் பக்கத்து இருக்கையில் மரச்சாமான் வார்னிஷ் உட்கார்ந்திருக்கிறது. பயோடீசல் காய்ச்சுபவரும் கட்டில் பாலிஷ் போடுபவரும் ஒரே விதிப் புத்தகத்தில் அக்கம்பக்கம் என்பது பார்க்க வேடிக்கைதான். காரணம் தெரிந்தால் சிரிப்பு வராது.

மெத்தனால் தானாகப் பெரிய விஷமில்லை. நம் கல்லீரல்தான் அதை விஷமாக்குகிறது. சாராயத்தைச் செரிக்கும் அதே நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அடுத்த கட்டத்தில் அது ஃபார்மிக் அமிலமாகும். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரியுமே, அந்த அமிலம். அது செல்கள் மூச்சுவிடும் இயந்திரத்தை நிறுத்தும். ஆற்றல் பசி மிகுந்த கண் நரம்பு முதலில் சாகும். 10 மில்லி கண்ணைப் பறிக்கக்கூடும். 30 மில்லி உயிரைப் பறிக்கக்கூடும். இதற்கு மருந்துகளில் ஒன்று எத்தனால். நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் ஈர்ப்பு அதிகம் என்பதால் அதைக் கொடுத்து நொதியை வேலையில் மாட்டிவைத்து, மெத்தனாலைச் சிறுநீரிலோ டயாலிசிஸிலோ வெளியேற்றுவார்கள்.

2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பக்கம் 20-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் குடித்து இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். தொழிற்சாலைக்கென்று வந்த மெத்தனால் கை மாறிச் சாராயமானதுதான் இந்தச் சாவுகளின் வேர். அந்த மாதக் கடைசியிலேயே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகளைக் கூட்டியது. கொல்லைப்புறத்தில் ஒரு கேன் மெத்தனால் வைத்திருப்பவரை ‘எதற்கு?’ என்று கேட்க ஒரு துறை இருக்கிறதென்றால், அதை வெறும் சிவப்பு நாடா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (எத்தனாலை வைத்தே காய்ச்சலாமே என்று கேட்கலாம். 1937-இல் பெல்ஜியத்தின் ஷவான் வாங்கிய காப்புரிமை பாமாயிலையும் எத்தனாலையும் சேர்த்ததுதான். மறு ஆண்டே பிரஸ்ஸல்ஸ்–லூவென் தடத்தில் பேருந்து அதில் ஓடியது. நம்மூரில் எத்தனாலுக்கும் உரிமம் அதே துறையில்தான்.)

மெத்தனால் பூமியில் மட்டும் இருப்பதல்ல. ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர். 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அது நட்சத்திர ஒளியைப் பார்க்கும் கருவி. வானொலி அலைகளைக் கேட்கும் வேறு தொலைநோக்கிகள், நம் பால்வீதியின் நடுப்பகுதித் திசையில் மெத்தனால் மிதப்பதை 1970-இல் கண்டுபிடித்தன. நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில் அது டன் டன்னாகக் கிடக்கிறது. அங்கே உரிமம் கேட்க ஆளில்லை.

பூமிக்குத் திரும்பினால் நெருப்புக் கணக்கு. ஒரு திரவத்தின் மேல் எழும் ஆவி எந்தச் சூட்டில் பொறி பட்டால் பற்றும் என்பது ‘தீப்பற்று வெப்பநிலை’. மெத்தனாலுக்கு அது சுமார் 11 டிகிரி. வேலூர், திருப்பத்தூர் வெயிலில் மூடி திறந்த மெத்தனால் கேன் எந்நேரமும் பற்றத் தயார். பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அதே மெத்தனால் சீப்பின் பல்லில் மூடியாக அமர்ந்துவிட்டால் கதையே மாறிவிடும்: பயோடீசலின் தீப்பற்று வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல். சாதாரண டீசலைவிடப் பயமற்ற திரவம் அது. பெட்ரோலிய விதிகள் 93 டிகிரிக்குள் பற்றும் திரவங்களைத்தான் மூன்று வகுப்புகளாகப் பிரித்துக் கட்டுப்படுத்துகின்றன. நன்றாகச் செய்த பயோடீசல் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது.

‘நன்றாகச் செய்த’ என்பதற்குள்தான் எல்லாமே. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15607, பயோடீசலில் மெத்தனால் 0.2 சதவீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது என்கிறது. சரியாகக் கழுவாத மெத்தனால் கொஞ்சம் தங்கினாலும் தீப்பற்று வெப்பநிலை மளமளவென்று இறங்கும். ஒரு கிண்ணத்தில் சூடாக்கி மேலே சுடர் காட்டிப் பார்க்கும் பழங்காலச் சோதனையே உள்ளே ஒளிந்திருக்கும் மெத்தனாலையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

வாகனச் சட்டம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. வண்டியை வேறு எரிபொருளுக்கு மாற்றி அமைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதியும் பதிவுச் சான்றில் திருத்தமும் கேட்கும். நிலத்தில் நிற்கும் பம்ப் எஞ்சின் வாகனமல்ல, அதனால் இந்தப் பிரிவு அதைத் தொடாது. பெட்ரோலிய அமைச்சகம் 2019 ஏப்ரல் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பயோடீசல் விற்பனையைப் பற்றியவை. தரச் சான்று இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கேன் விற்றாலும் அது வேறு விவகாரமாகிவிடும். குஜராத்தில் பயோடீசல் என்று பலகை மாட்டிக்கொண்டு வேறு என்னென்னவோ ஊற்றிய பம்புகள்மீது 2021-இல் நடந்த சோதனைகள் நினைவிருக்கலாம்.

பிரிட்டன் இதை வேறு மாதிரி தீர்த்தது. அங்கே பிரச்சினை சாராயமல்ல, எரிபொருள் வரி. 2002-இல் தென் வேல்ஸின் லனெல்லி ஊரில் காவலர்கள் வண்டிப் புகையை மோப்பம் பிடித்தார்கள். பொரித்த மீன் வாசம் வந்தால் வரி கட்டாமல் சமையல் எண்ணெய் ஊற்றியவர் என்று மடக்கினார்கள். 2007-இல் அரசு இறங்கிவந்தது: ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் தயாரிப்பவர் பதிவு செய்ய வேண்டாம், வரியும் வேண்டாம். நாளுக்கு ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வீட்டில் காய்ச்சுபவருக்கு இப்படி ஒரு வாசலை நம் வழிகாட்டுதல்கள் திறக்கவில்லை. மெத்தனாலின் கதை தெரிந்த பிறகு, திறக்கவும் வேண்டாம் என்றே தோன்றுகிறது.

அதைவிட ஆலங்காயத்துக்குப் பொருந்துவது எண்ணெயை வெளியே அனுப்புவது. பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் மெத்தனாலையே தவிர்த்துவிடுகின்றன. அதற்குப் பதில் கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி, எண்ணெயிலிருக்கும் ஆக்சிஜனைத் தண்ணீராகவும் வாயுக்களாகவும் பிடுங்கி எறிகின்றன. மிஞ்சுவது சுத்தமான ஹைட்ரோகார்பன், விமானத்துக்கே ஊற்றலாம். சீப்பின் தண்டுகூட வீணாவதில்லை. ஆக்சிஜனை இழந்த கிளிசரால் புரொப்பேனாகிவிடும். சமையல் காஸ் சிலிண்டரில் பியூட்டேனோடு சேர்ந்து இருக்கும் அதே வாயு. அரியானாவிலுள்ள இந்தியன் ஆயிலின் பானிப்பட் ஆலை, சுட்ட எண்ணெயிலிருந்து இப்படி விமான எரிபொருள் தயாரிக்க 2025 ஆகஸ்டில் பன்னாட்டுச் சான்று பெற்றது. திட்டம் ஆண்டுக்கு 35,000 டன்.

விமான நிறுவனங்கள் போட்டி போட்டு வாங்கத் தொடங்கியதும் ஒரு தலைகீழ் மோசடி பிறந்தது. நம் கடைத்தெருவில் பயப்படுவது, பழைய எண்ணெய் புது எண்ணெயாக வேடமிடுமோ என்று. ஐரோப்பாவில் பயப்படுவது, புதுப் பாமாயில் சுட்ட எண்ணெயாக வேடமிடுமோ என்று. கழிவுக்குச் சலுகை கொடுத்தால் சந்தையில் கழிவின் விலை புதியதைத் தாண்டும். யாரோ ஒருவர் நல்ல எண்ணெயைக் கெடுத்துக் கழிவாக விற்கத் துணிவார். இதை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிப்பது கடினம். எனவே சான்றளிப்பவர்கள் எண்ணெயோடு காகிதத்தையும் கேட்கிறார்கள்: எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை லிட்டர், யார் வாங்கிப்போனது. 50 லிட்டர் கோட்டுக்குக் கீழே இருப்பதால் எந்தக் கணக்கும் எழுத வேண்டாம் என்று விடப்பட்ட பஜ்ஜிக் கடைக்காரரிடம் இப்போது அந்த ரசீதுக்காகவே ஆள் வர வேண்டியிருக்கிறது. மலையடிவாரத்தில் பத்துப் பதினைந்து கடைகளைச் சேர்த்தால் மாதத்துக்கு இரண்டு மூன்று பீப்பாய் நிறையும்; ஒரு மினி லாரி ஆலங்காயம் வந்துபோக அது போதும்.